களிமண் தரையில் காரை உயர்த்தி அடியில் படுத்து வேலை செய்வது: முட்டு எதன் மேல் நிற்க வேண்டும்?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறது. பதினோரு வருடம் ஓடிய ஆல்டோ கார் ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வழியாகவே பல நாட்கள் போய்வர நேர்ந்ததால் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் சேறு அப்பிக் கிடக்கிறது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்துவிட்டதால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் குழாய் அடித்தட்டில் இடிக்கிறது. ஆயில் மாற்றும் நாளும் நெருங்கிவிட்டது. இவற்றோடு, உப்புக்காற்று எட்டும் ஊர் என்பதால், சேற்றைக் கழுவிக் காய வைத்து அடியில் துருத்தடுப்புப் பூச்சு ஒன்றும் அடிக்க விரும்புகிறேன். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு நாள் வேலையும் கூலியும் போகும் என்பது ஒரு காரணம். சொந்த வண்டியின் அடிப்பாகத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம்.

என்னிடம் இருப்பவை, வண்டியோடு வந்த ஸ்குரூ ஜாக்கி ஒன்றும், அப்பா டிராக்டருக்கு வைத்திருந்த பழைய பாட்டில் ஜாக்கி ஒன்றும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது என்பது தெரியும். வண்டியோடு வந்த கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே தூக்கிய பிறகு எதையாவது முட்டுக் கொடுக்க வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்கள் வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் போதும், வீட்டையே தாங்கும் கல் காரைத் தாங்காதா என்று பக்கத்து வீட்டு மாமா கேட்கிறார். அவர் கேட்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் தரையைப் பற்றியது. எங்கள் வாசல் களிமண். இப்போது கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியிருப்பதால், போர்ட்டிகோவுக்கு ஏறும் சிமெண்டுத் தளம் நன்றாகச் சரிந்திருக்கிறது. போர்ட்டிகோவோ வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் ஆள் உட்காரக்கூட இடமில்லாத அளவுக்குக் குறுகலானது. எதை வாங்க வேண்டும், எங்கே வைத்துத் தூக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கும்பகோணம், பட்டறை வைத்திருந்தவர்

தம்பி, உங்கள் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருப்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் பட்டறை நடத்தி இப்போது ஓய்வில் இருக்கிறேன். வேலை கற்றுக்கொள்ள வந்த எந்தப் பையனுக்கும் முதல் நாள் ஸ்பானர் கொடுத்ததில்லை. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, மறுபடி இறக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் கொடுப்பேன். ஆகவே சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோ பிளாக் சுவரில் நிற்கும்போது அதன் மேல் சுமை முழுப்பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரின் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஓரத் தகடோ கத்தியின் முதுகு போலக் கல்லின் ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும். உள்ளே வெற்றிடம் உள்ள கல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் உடையும். மரமோ இரும்போ உடைவதற்கு முன் வளையும், முனகும், கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். கல் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. செங்கல்லும் அப்படித்தான். எந்தக் கல்லையும் முட்டாக வைக்காதீர்கள்.

அப்பாவின் பாட்டில் ஜாக்கியைத் தூக்குவதற்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் சோதித்த பிறகு. அதன் உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பவை சிறிய ரப்பர் சீல்கள். பல வருடம் கொட்டகையில் கிடந்த ஜாக்கியில் அவை இறுகிப்போயிருக்கும். தண்டை நன்றாகத் துடைத்துவிட்டு, ஆள் யாரும் அடியில் போகாமல் ஒரு சுமையைத் தூக்கி அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். சுமை இறங்கியிருந்தாலோ, தண்டின் அடியில் விரலால் தடவினால் எண்ணெய் ஒட்டினாலோ, அந்த ஜாக்கியை ஒதுக்கிவிடுங்கள். அதன் தலை சிறிய இரும்பு வட்டம் என்பதால் ஓரத் தகட்டிலிருந்து வழுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. உங்கள் வண்டிக்கு, சக்கரங்களில் உருண்டு நகரும் டிராலி ஜாக்கி ஏற்றது.

முட்டுக்கு நீங்கள் வாங்க வேண்டியது ஜாக்கி ஸ்டாண்டு என்று உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும் இரும்பு முக்காலி அல்லது நாற்காலி போன்ற சாதனம். அகலமான அடி, நடுவில் உயரத்தை மாற்றிக்கொள்ளும் தண்டு, தண்டின் தலையில் பள்ளம், இவ்வளவுதான் அதன் அமைப்பு. தண்டைப் பற்சக்கரக் கொக்கி பிடிக்கும் வகை ஒன்று; தண்டின் ஓட்டையில் கனமான ஊசியைச் செருகும் வகை இன்னொன்று. கொக்கி வகை வசதியானது, ஆனால் கொக்கி பல்லில் முழுவதும் இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில், பல் நழுவி வண்டி இறங்கிவிடும் குறைக்காகப் பல லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளிலும் வெல்டிங் குறை இருந்ததால் அவற்றையும் அதே ஆண்டில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆகவே பெட்டியைப் பிரித்தவுடன் வெல்டிங்கை வெளிச்சத்தில் பாருங்கள், கொக்கியை ஒவ்வொரு பல்லிலும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் டன் கணக்கு சில தயாரிப்புகளில் ஒரு ஸ்டாண்டுக்கு உரியது, சிலவற்றில் இரண்டுக்கும் சேர்த்து உரியது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

இனி வண்டி நகராமல் நிறுத்துவது. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால் வண்டி நிற்கும் என்று நினைக்கிறோம். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. சைலன்சருக்காகப் பின்பக்கத்தைத் தூக்கியவுடன் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும், பிரேக் போட்டதும் போடாததும் ஒன்றுதான். அப்போது வண்டியை நிறுத்துவது முன்சக்கரங்களோடு சேர்ந்திருக்கும் கியரும், முன்சக்கரங்களுக்கு வைக்கும் தடைக்கட்டைகளும். ஆயிலுக்காக முன்பக்கத்தைத் தூக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கியர் உதவாது, ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரக் கட்டையும்தான் காவல். முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினாலும் கியரை நம்ப முடியாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சுழல விட்டு மற்றதைத் தளர்த்திவிடும். ஆம்னி, பொலேரோ, பழைய அம்பாசடர் போன்று பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் பின்பக்கம் முழுவதையும் தூக்கினால் கியரும் போயிற்று, ஹேண்ட் பிரேக்கும் போயிற்று. முன்சக்கரக் கட்டைகளைத் தவிர வேறு பிடிப்பே கிடையாது. ஆகவே தரையில் நிற்கும் இரண்டு சக்கரங்களுக்கும், முன்னும் பின்னுமாக, ஆப்பு வடிவில் அறுத்த மரக்கட்டைகளை இறுக்கி வையுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால், வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை ஒரு கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள்; உயரத்தில் நிற்கும் வண்டியின் மேல் ஏறி மிதித்துத் திருகுவது வண்டியைத் தள்ளிவிடும் வேலை. ஓரத் தகட்டில் இரண்டு சிறு வெட்டுக்களுக்கு நடுவே உள்ள பகுதிதான் தூக்குவதற்கென்று பலப்படுத்தியது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப், அடித்தட்டு, பெட்ரோல் டேங்க் இவற்றின் மேல் ஜாக்கியோ ஸ்டாண்டோ பட்டுவிடக் கூடாது. ஒரு பக்கத்தை ஒரேயடியாக உயரத் தூக்கி ஸ்டாண்டு வைத்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். மறுபக்கத்தைத் தூக்கும்போது வண்டி சற்றுச் சாய்ந்து திரும்பும், முதலில் வைத்த ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு எழும்பிவிடும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி உயர்த்துங்கள். ஸ்டாண்டைச் சரியாக வைத்ததும் ஜாக்கியை மிக மெதுவாக இறக்கி, சுமை முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்த பின் ஜாக்கியை மறுபடி வண்டியைத் தொடும் அளவுக்கு மட்டும் ஏற்றி அப்படியே விட்டுவையுங்கள். பிறகு வண்டியின் பக்கவாட்டில் இரு கைகளையும் ஊன்றி நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். அப்படியும் ஆடாமல் நின்றால்தான் ஸ்டெப்னியையும், கழற்றிய சக்கரம் இருந்தால் அதையும், ஓரத் தகட்டுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

உங்கள் களிமண் வாசலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். டிராலி ஜாக்கிக்குச் சக்கரம் வைத்திருப்பது இழுத்துக்கொண்டு போக மட்டுமன்று. அதன் கை வளைவாக மேலே எழும்புவதால், வண்டி உயர உயர ஜாக்கி தானாகக் கொஞ்சம் உருண்டு வண்டிக்கு அடியில் நகர வேண்டும். மண்ணில் சக்கரம் புதைந்து உருளாமல் நின்றால், அது வண்டியைத் தன் பக்கம் இழுக்கும் அல்லது தலை தகட்டிலிருந்து நழுவும். ஆகவே சேற்றில் டிராலி ஜாக்கியைப் போடவே கூடாது.

பதில்: மயிலாடுதுறை, கட்டுமானப் பொறியாளர்

முந்தைய பதிலில் பெரியவர் வண்டியின் பக்கத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் தரையின் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் எவ்வளவு நல்ல ஸ்டாண்டு வாங்கினாலும் அது கடைசியில் நிற்கப்போவது காவிரி கொண்டுவந்து போட்ட களிமண்ணின் மேல்தான்.

உங்கள் காரின் எடை 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் முன்னால் இருப்பதால் எடையின் பெரும்பங்கு முன்பக்கத்தில் இருக்கிறது. ஓரத் தகட்டில் முன்பக்கத் தாங்குமிடம் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், வண்டியின் நடுவை நோக்கி இருப்பதால், அங்கே வைக்கும் ஸ்டாண்டு முன்சக்கரத்தைவிடக் கூடுதல் சுமையை வாங்குகிறது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஏறத்தாழ 300 கிலோ இறங்கும். ஸ்டாண்டின் நான்கு கால் நுனிகளும் தரையில் பதியும் பரப்பு ஒவ்வொன்றும் நான்குக்கு நான்கு சென்டிமீட்டர் என்றால், மொத்தம் 64 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் அழுத்தம்.

கட்டைவிரலை அழுத்தினால் பல அங்குலம் இறங்கிவிடும் மிக இளக்கமான களிமண்ணுக்கு, அஸ்திவாரக் கணக்கில் நாங்கள் சதுர மீட்டருக்கு 5 டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோதான் அனுமதிப்போம். ஓரளவு அழுத்தினால் விரல் பதியும் களிமண்ணுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. உங்கள் ஸ்டாண்டு அதன் பல மடங்கு அழுத்தத்தைக் கொடுக்கிறது. அது புதையும் என்பது மட்டுமன்று கவலை. நான்கு கால்களும் ஒரே அளவில் புதையாது என்பதுதான் உண்மையான ஆபத்து. ஒரு கால் இரண்டு விரற்கடை கூடுதலாக இறங்கினால் தண்டு சாய்கிறது, தண்டு சாய்ந்தால் சுமை அந்தக் கால் பக்கமே இன்னும் கூடுதலாகப் போகிறது, அதனால் அது இன்னும் இறங்குகிறது. இந்தச் சாய்வு ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு நிற்பதற்கு வழியில்லை.

இதற்குத் தீர்வு சுமையைப் பரப்புவது. 45 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றை அடியில் வைத்தால் அதே 300 கிலோ 2,025 சதுர சென்டிமீட்டரில் பரவி, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் அந்தப் பலகை வளையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். மெல்லிய பிளைவுட்டை வைத்தால் ஸ்டாண்டுக்கு நேர் கீழே குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பிவிடும். இரண்டு அங்குல கனமுள்ள மரப்பலகைகளை ஒரு அடுக்கு நீளவாக்கிலும் அதன் மேல் இன்னொரு அடுக்கு குறுக்குவாக்கிலும் வைத்து ஆணியால் இறுக்கிக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக அடுக்குவதால் ஒரு அடுக்கின் வெடிப்பு மறு அடுக்குக்குப் பரவாது. சவுக்குக் கழிகள் நம் பக்கம் எளிதாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றை வைத்துவிடாதீர்கள். உருண்டை மரம் உருளத்தான் செய்யும்.

கோடையில் மண் இறுகிவிடுமே, அப்போது பலகை வேண்டாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. சித்திரையில் நம் களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஒவ்வொரு பாளமும் தனித்தனிக் கட்டி. ஸ்டாண்டின் இரண்டு கால்கள் ஒரு பாளத்திலும் மற்ற இரண்டு அடுத்த பாளத்திலும் நின்றால், ஒரு பாளம் மட்டும் அசைந்து கொடுக்கும். ஆகவே பலகை எல்லாப் பருவத்துக்கும் உரியது. நண்பகல் வெயிலில் தார்ச்சாலையும் இளகி ஸ்டாண்டின் கால்களை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் அடிப்பாகத்தைக் கழுவப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது களிமண் தரையில் தண்ணீர் ஊற்றினால், நீங்கள் நிற்க வைத்த தரை அரை மணி நேரத்தில் வேறு தரையாகிவிடும். கழுவும் வேலையைத் தனியாக முன்னரே முடித்துவிடுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், கருவிகளை நனைய விட்டாலும் பரவாயில்லை, வண்டியைத் தரையில் இறக்கிவிடுங்கள். இரவு முழுவதும் மழையில் ஸ்டாண்டின் மேல் நின்ற வண்டிக்கு அடியில், காலையில் அப்படியே போய்ப் படுக்காதீர்கள்.

பதில்: நாகப்பட்டினத்திலிருந்து ஒரு சகோதரி

எனக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஹாலோ பிளாக் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கொல்லையில் பின்பக்கத்தை உயர்த்தி, நீங்கள் சொன்னதைப் போலவே இரண்டு கற்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அதன் மேல் வண்டியை இறக்கி, அடியில் படுத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் நின்றது. நான் கொல்லைப்படியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தேங்காய் உடைப்பதைப் போல ஒரே ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது வண்டி கீழே இருந்தது. அவன் வெளியே விட்டுப்போன செருப்பு இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. கல் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பொடியும், நான்கைந்து சில்லுகளும்.

அவன் உயிரோடு இருக்கிறான். கழற்றிய சக்கரத்தை வைக்க வேறு இடமில்லாமல் வண்டிக்கு அடியில் தள்ளிவைத்திருந்தான். வண்டி அதன் மேல் உட்கார்ந்ததால் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி மிஞ்சியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்க முயன்றேன், அது அசையவில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் கடலுக்கும் கடைத்தெருவுக்கும் போயிருந்த நேரம். 108க்கு அழைத்துவிட்டு, தெருவில் நின்று கத்தித்தான் ஆள் சேர்த்தேன். தூக்குவதற்கு ஆள் வந்த பிறகும், ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமுமாக இழுத்து வண்டி இன்னும் நழுவப் பார்த்தது. வயதான ஒருவர்தான் எல்லாரையும் நிறுத்தி, வேறொரு வண்டியின் ஜாக்கியைக் கொண்டுவரச் செய்து, கொஞ்சம் தூக்குவதும் பலகை செருகுவதுமாக ஏற்றினார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். துணைக்கு இருப்பவரிடம், வண்டி இறங்கிவிட்டால் எந்த ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுங்கள். அன்று எங்கள் வீட்டு ஜாக்கி அந்த வண்டிக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே இன்னொன்று இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

கேட்டவர்: திருத்துறைப்பூண்டிப் பக்கம்

அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவியும் படித்தார். வாசலில் கிடந்த கற்களை அன்று மாலையே கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம். பக்கத்து வீட்டு மாமாவிடமும் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் வீட்டில் டிராக்டர் டிரெய்லருக்கு முட்டாக வைத்திருந்த கற்களையும் எடுத்துவிட்டார்.

இரண்டு ஸ்டாண்டுகளும் ஒரு டிராலி ஜாக்கியும் வாங்கிவிட்டேன். இடத்தைப் பற்றி மட்டும் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. உறவினர் ஒருவருடைய அரிசி ஆலையில் லாரி நிறுத்தும் குழி ஒன்று இருக்கிறது. வண்டியைத் தூக்காமலே அடியில் நின்று வேலை செய்யலாம் என்கிறார். அல்லது எங்கள் ஊர் நெல் உலர்களம். நல்ல சமதளமான கான்கிரீட்டு, அறுவடைக்கு முன் காலியாகத்தான் கிடக்கும். இவற்றில் எது சரி?

பதில்: கும்பகோணம், பட்டறை வைத்திருந்தவர்

குழி நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் பக்கத்தில் கார்த்திகை மார்கழியில் அன்று. நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் இந்த நாட்களில் குழியின் அடியிலும் சுவரிலும் ஊற்றுக் கசியும். எண்ணெய் சிந்திய இடத்தில் தண்ணீரும் சேர்ந்தால் கால் ஊன்ற முடியாது, அந்த ஈரத்தில் மின்விளக்கு வயரை இறக்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. அதோடு பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஒரு சிறு கசிவு இருந்தாலும் அது குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். லாரிக்கு டீசல் என்பதால் அவர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. உங்களுடையது பெட்ரோல் வண்டி. காரின் சக்கர அகலத்துக்கும் லாரிக் குழியின் அகலத்துக்கும் பொருந்துமா என்பதையும் அளந்துதான் பார்க்க வேண்டும்.

உலர்களம் சரியான இடம். ஆனால் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். மழைநீர் வடிவதற்காகக் களத்துக்கு ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்திருப்பார்கள். ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கத்துக்குக் குறுக்காக வண்டியை நிறுத்தாமல், மிகவும் சமமான இடத்தைத் தேடி நிறுத்துங்கள். களத்தின் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளியும் இருங்கள், ஏனென்றால் ஓரங்களில் அடிமண் அரித்துப்போய்த் தளம் அந்தரத்தில் நிற்கும் இடங்கள் இருக்கும். காலால் மிதித்தால் சத்தம் மாறும். இன்னொன்று, அது ஊர் நெல் காயும் இடம். ஒரு துளி ஆயில்கூடத் தரையில் விழாதபடி தார்ப்பாயும் தட்டும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆயில் மாற்றும் வேலையைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, சைலன்சரையும் பூச்சையும் மட்டும் அங்கே பார்த்தால் இன்னும் நல்லது.

கேட்டவர்: திருத்துறைப்பூண்டிப் பக்கம்

மார்கழிக் கடைசியில், அறுவடை இயந்திரங்கள் ஊருக்குள் வருவதற்கு முன், ஊராரிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஆயிலைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டேன். வண்டியை இரண்டு நாள் முன்னதாகவே கழுவிக் காய வைத்தாயிற்று. கான்கிரீட்டுத் தளமாக இருந்தாலும், பழைய பூவரசம் பலகைகளை எதிரும் புதிருமாக அடித்து இரண்டு மேடைகள் செய்து ஸ்டாண்டுகளுக்கு அடியில் வைத்தேன். பின்பக்கம் என்பதால் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டைகள், கியரில் வண்டி, ஓரத் தகட்டுக்கு அடியில் ஸ்டெப்னி. மாமா களத்தின் ஓரத்தில் பாட்டில் ஜாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

வலப்பக்க ஸ்டாண்டில் எந்தக் குறையும் இல்லை. இடப்பக்கத்தில் இறக்கிவிட்டு வண்டியை ஆட்டியபோது, மிக மெல்லிதாக, உலர்ந்த சருகை மிதித்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது. ஜாக்கியை மறுபடி ஏற்றி ஸ்டாண்டை எடுத்துப் பார்த்தேன். ஓரத் தகட்டின் மடிப்பு உள்பக்கமாக நசுங்கி, துரு செதில் செதிலாக ஸ்டாண்டின் பள்ளத்தில் உதிர்ந்து கிடந்தது. திருப்புளியை வைத்துக் குத்தியதும் அது உள்ளே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் முழுதாகத்தான் இருக்கிறது. வேலையை அதோடு நிறுத்திவிட்டு வண்டியைத் தரையில் இறக்கிவிட்டேன். வலப்பக்கம் மட்டும் உயர்த்தி அந்த ரப்பர் வளையத்தை மாட்டிவிடலாமா, அல்லது அதுவும் வேண்டாமா?

பதில்: கும்பகோணம், பட்டறை வைத்திருந்தவர்

இறக்கியது மிகச் சரியான காரியம், தம்பி. வலப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஒரே ஸ்டாண்டை நம்பி அடியில் போக வேண்டியிருக்கும், அது வேண்டாம். வண்டி தரையில் நிற்கும்போதே பின்பம்பருக்கு அடியில் கையை மட்டும் விட்டு, அறுந்த இடத்தில் கட்டுக்கம்பியால் குழாயைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பட்டறை வரை போய்ச் சேர அது போதும். அங்கே இடப்பக்க ஓரத் தகட்டைத் திறந்து பார்த்து, துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வண்டியைக் கொடுக்கும்போதே, இடப்பக்கப் பின்தாங்குமிடம் உளுத்துப்போயிருக்கிறது, அங்கே லிஃப்டின் கையையோ ஜாக்கியையோ வைக்க வேண்டாம் என்று வாயால் சொல்லி, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிடுங்கள். அங்கே அடியில் போகப்போகும் பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.